இலை இல்லாமலும் அதே வெள்ளைத் தூள் வருமா? நாக ஒட்சைட்டு நனோதுகள் பற்றி ஒரு கேள்வி

வாவிக்கரை
ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். நான் இறுதியாண்டு இரசாயனவியல், ஊர் களுவாஞ்சிக்குடிப் பக்கம். புரொஜெக்ட் தலைப்பு முடிவாகிவிட்டது: தாவரச் சாறு கொண்டு நாக ஒட்சைட்டு நனோதுகள்களைத் தயாரித்தல். எந்தத் தாவரம் என்பதை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார்கள். வேம்பு, துளசி, முருங்கை எல்லாம் யாரோ செய்து முடித்துவிட்டார்கள். வாவியோரம் கண்ணா என்ற கண்டல் மரம் நிறைய நிற்கிறது, அதன் இலையை எடுத்தால் புதிதாகவும் இருக்கும், மட்டக்களப்புக்கும் பொருத்தமாக இருக்கும் என்று ஒரு யோசனை.

செய்முறை நான் வாசித்த கட்டுரைகளில் கிட்டத்தட்ட ஒன்றுதான். இலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அரைத்து, 10 கிராமை 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 80 பாகையில் அரை மணி நேரம் வைத்து வடிகட்டுவது. அந்தச் சாற்றில் நாக அசற்றேற்றையோ நாக நைத்திரேற்றையோ கரைத்து, கலக்கிக்கொண்டே சூடாக்கினால் களி மாதிரி இறுகும். அதை உலையில் 400 பாகையில் இரண்டு மணி நேரம் எரித்தால் வெள்ளைத் தூள்.

முன்மொழிவு சொன்ன அன்று பின்வரிசையில் இருந்த ஒரு சேர் கேட்டார்: "இதில் இலைக்கு என்ன வேலை?" "நாக அயனைத் தாழ்த்துகிறது சேர்" என்றேன். "தாழ்த்தி என்னவாக்குகிறது?" என்றார். நான் முழித்தேன். அவர் சிரித்துவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டார். மூன்று நாளாக அந்தச் சிரிப்பு மண்டைக்குள்ளேயே நிற்கிறது. யாராவது விளக்குவீர்களா?


சோதனைக்குழாய்
ஞாயிறு, இரவு 10.05

தம்பி, நான் ஏ.எல். பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவள். அந்த சேரின் சிரிப்பு எனக்கு விளங்குகிறது.

நாக அசற்றேற்றில் நாகம் +2 இல் இருக்கிறது. நாக ஒட்சைட்டிலும் +2 தான். தாழ்த்தல் என்றால் இலத்திரன் கொடுத்து இந்த எண்ணைக் குறைப்பது, பிறகு எதைத் தாழ்த்துகிறாய்? களுவாஞ்சிக்குடிச் சந்தியில் நிற்கிறவனைக் களுவாஞ்சிக்குடிக்கே பஸ் ஏற்றிவிட்ட கதைதான்.

"முதலில் நாக உலோகமாகத் தாழ்த்தி, பிறகு காற்றில் ஒட்சியேறி ஒட்சைட்டாகிறது" என்றும் சில கட்டுரைகளில் எழுதியிருப்பார்கள். மின்னிரசாயன அட்டவணையை எடுத்துப் பார். நாக அயனுக்கு நியம மின்வாய் அழுத்தம் (இது கூடக் கூட அயனைத் தாழ்த்துவது சுலபம்) −0.76 வோல்ற். வெள்ளிக்கு +0.80. பொன்னுக்கு +1.50. இலையில் இருக்கிற பீனோல்கள் வெள்ளியையும் பொன்னையும் தாழ்த்தும், அதில் சந்தேகம் இல்லை. வெள்ளி நைத்திரேற்றில் இலைச்சாறு விட்டால் கண்முன்னாலேயே மஞ்சளாகி மண்ணிறமாகும். ஆனால் நாகத்தை உலோகமாக்கும் வலு பீனோலுக்கு இல்லை. அப்படி இருந்தால் தேயிலைச் சாயத்தில் போட்டே நாக உலோகம் எடுத்திருப்பார்கள், பெரிய உலையெல்லாம் எதற்கு?


பழைய பீக்கர்
ஞாயிறு, இரவு 11.30

மிஸ் சொன்னது முழுக்கச் சரி. இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும்போது கண்ணில் படும். தாவரச் சாறு கொண்டு வெள்ளி, பொன் நனோதுகள் செய்த வேலைகள்தான் முதலில் பெயரெடுத்தன. அங்கே "தாவரப் பீனோல்கள் அயனைத் தாழ்த்தி, துகளைச் சூழ்ந்து உறுதியாக்குகின்றன" என்று எழுதுவது நியாயம். பிறகு ஒட்சைட்டுக்கு வந்தவர்கள் அந்தப் பந்தியை அப்படியே தூக்கி, வெள்ளியை அழித்து நாகம் என்று எழுதிவிட்டார்கள்.

அதற்காக இலை ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சாற்றில் பீனோல்கள் மட்டுமல்ல, சேதன அமிலங்கள், சீனிகள், புரதங்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றின் ஒட்சிசன் அணுக்கள் நாக அயனைப் பிடித்து வைக்கும். நீர் வற்றும்போது நாகம் ஒரே இடத்தில் குவியாமல் அந்தக் களி முழுக்கப் பரவி நிற்கும். உலையில் போட்டதும் சேதனப் பகுதி எரிந்து காபனீரொட்சைட்டும் நீராவியுமாக வெளியேறும். அந்த வாயு தூளை ஊதிப் பஞ்சு மாதிரி ஆக்கும். ஆகவே இலை இங்கே பிடித்து வைக்கிற ஆளும், எரிபொருளும். தாழ்த்துகிற ஆள் இல்லை.

உன் சேர் அடுத்து என்ன கேட்பார் என்றும் சொல்கிறேன். "இலை இல்லாமல் செய்து பார்த்தாயா?" நாக அசற்றேற்றை வெறுமனே 400 பாகையில் வைத்தாலும் பிரிகையடைந்து நாக ஒட்சைட்டாகத்தான் மாறும். நைத்திரேற்றும் அப்படியே. அந்த வெற்றுச் சோதனை இல்லாமல் இலையைப் பற்றி நீ எழுதுகிற ஒரு வரிக்கும் பிடிமானம் கிடையாது.


காவேரிக்கரை
திங்கள், காலை 7.15

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். முதலில் தலைப்பைப் பார்த்து, நாகப்பாம்பு விஷயம் போலிருக்கிறது என்று உள்ளே வந்தேன்! அப்புறம்தான் புரிந்தது, நாங்கள் துத்தநாகம் என்பதை நீங்கள் நாகம் என்கிறீர்கள். ஆக்சைடு அங்கே ஒட்சைட்டு, நைட்ரேட் அங்கே நைத்திரேற்று. சரி, பழகிக்கொள்கிறேன்.

ஒரு சின்ன மறுப்பு. எல்லா ஆக்சைடும் ஒரே மாதிரி இல்லை. செம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அழுத்தம் +0.34 வோல்ட். சாறு, காரம், சூடு இவற்றைப் பொறுத்துச் சிவந்த குப்ரஸ் ஆக்சைடு வர வழி இருக்கிறது. அங்கே தாழ்த்தல் நிஜமாகவே நடக்கலாம். ஆகவே 'தாழ்த்தல்' என்ற சொல்லையே அகராதியிலிருந்து எடுத்துவிட வேண்டாம்.


பழைய பீக்கர்
திங்கள், காலை 8.00

ஒப்புக்கொள்கிறேன். என் பேச்சு நாகத்தோடு நிற்கட்டும். மகனீசியத்துக்கும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரும்புக்கு இன்னொரு கூத்து உண்டு. பெரிக்குக் குளோரைட்டில் தேயிலைச் சாறு விட்ட உடனே கறுத்துவிடும். "இதோ இரும்பு நனோதுகள்" என்று படம் பிடித்துப் போடுவார்கள். வாழைப்பூவை இரும்புக் கத்தியால் வெட்டினால் கத்தியும் கையும் கறுக்கிறதே, அதுதான் இது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய காலத்தவர்களுக்கு இது தெரியும். இரும்பும் பீனோலும் சேர்ந்த சிக்கல் சேர்வை. மூன்றாம் நிலை இரும்பு இரண்டாம் நிலைக்கு இறங்கலாம், ஆனால் உலோக இரும்பு வரை போகாது. நிறம் மாறியதை மட்டும் சாட்சியாக வைத்து நனோ என்று சொல்லக் கூடாது.


சம்மாந்துறையான்
திங்கள், பகல் 1.40

தம்பி, நைத்திரேற்றா அசற்றேற்றா என்று இன்னும் முடிவெடுக்காவிட்டால் என் கதையைக் கேட்டுவிட்டு முடிவெடு.

நாங்கள் செய்த வருடம் நாக நைத்திரேற்றுத்தான் அலுமாரியில் இருந்தது. இலைச்சாற்றோடு கலந்து களியாக்கி, புடக்கிண்ணத்தில் முக்கால்வாசி நிரப்பி, மூடி போட்டு உலைக்குள் வைத்துவிட்டு நான் லுஹருக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் அறை முழுக்க மண்ணிறப் புகை. மூடி ஒரு பக்கம், கிண்ணம் ஒரு பக்கம், உலையின் சுவர் எல்லாம் சாம்பல் தெறித்துக் கிடக்கிறது. நைத்திரேற்று ஒட்சியேற்றி. இலைச் சீனி எரிபொருள். இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் பட்டாசுக்குப் பக்கத்து வீடுதானே. அந்த மண்ணிறப் புகை நைதரசனீரொட்சைட்டு, நெஞ்சுக்குக் கூடாத சாமான்.

தீவைப்பு முறைத் தொகுப்பு என்று தெரிந்தே இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சிறிய அளவில், புகைக்கூட்டுக்குள், திறந்த பாத்திரத்தில் செய்வார்கள். நீ அசற்றேற்றையே எடு. கிண்ணத்தில் கால்வாசிக்கு மேல் நிரப்பாதே. சூட்டை மெதுவாக ஏற்று. உலையை விட்டுவிட்டு எங்கேயும் போகாதே, தொழுகைக்கும்தான். ஒருவனை நிறுத்திவிட்டுப் போ.


மூலிகைத்தோட்டம்
திங்கள், மாலை 6.10

எல்லோரும் இலையை எரிபொருள், விறகு என்று கதைக்கிறீர்கள். மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது. துளசியில் செய்தால் துளசியின் குணம் அந்தத் துகளில் ஏறும் என்றுதானே மருந்துக்குப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள்? நம் சித்தர்கள் மூலிகைச் சாற்றில் அரைத்துப் புடம் போட்டு நாக பற்பம் செய்தது இதே வேலைதான். அப்போது நனோ என்ற சொல் இல்லை, அவ்வளவுதான்.


பழைய பீக்கர்
திங்கள், இரவு 9.45

சங்கடப்பட வேண்டாம். இரண்டு விசயத்தையும் பிரித்துப் பார்ப்போம்.

400 பாகையில் இரண்டு மணி நேரம் காற்றோடு எரித்த பிறகு துளசியும் ஒன்றுதான், வைக்கோலும் ஒன்றுதான். சேதனப் பொருள் மிஞ்சாது. மிஞ்சினால் தூள் வெள்ளையாக இருக்காது, சாம்பல் நிறமாக இருக்கும், அது எரியாத காபன். குணம் ஏற வேண்டுமென்றால் எரிக்காமல், தாழ்ந்த சூட்டில் வீழ்படிவாக்கிக் கழுவி உலர்த்துகிற வழி இருக்கிறது. அதில் சேதனப் படலம் துகளின் மேல் தங்கலாம். ஆனால் 400 பாகையில் எரித்துவிட்டு, எப்.ரி.ஐ.ஆர். (எந்தப் பிணைப்பு இருக்கிறது என்று அகச்சிவப்புக் கதிரால் பார்க்கும் சோதனை) வரைபடத்தில் 3400 பக்கம் ஒரு மேடு இருக்கிறது, ஆகவே பீனோல் என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? அது காற்றிலிருந்து ஒட்டிய ஈரம். 1630 பக்கமும் நீர்தான். 2350 பக்கம் வருவது அறைக்குள் நாம் விடும் மூச்சின் காபனீரொட்சைட்டு. மட்டக்களப்பு ஈரக்காற்றில் திறந்து வைத்த எந்தத் தூளுக்கும் இது வரும்.

பற்பம் பற்றி: சாற்றில் அரைத்து மீண்டும் மீண்டும் புடமிடுவது சேதனப் பொருளோடு உலோகத்தை எரிப்பதுதான், அந்த ஒற்றுமை உண்மை. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடிய நல்ல வேலை. ஆனால் ஒரு எச்சரிக்கை. சித்தத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாக பஸ்மம் என்றால் ஈயம். பெயர் ஒன்று, உலோகம் வேறு. காவேரிக்கரைக்குப் பாம்பு வந்தது போலச் சிரித்துவிட்டுப் போகிற குழப்பம் இல்லை இது. போத்தலில் பெயரை மட்டும் பார்த்து வாங்கிக் குடிக்கக் கூடாது.


மூலிகைத்தோட்டம்
திங்கள், இரவு 10.20

ஈயம் விசயம் எனக்குத் தெரியாது. நன்றி. ஆனாலும் துளசியையும் வைக்கோலையும் ஒன்றாக்கியதை மன்னிக்க மாட்டேன்.


வாவிக்கரை
செவ்வாய், இரவு 8.30

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. சரி, வெற்றுச் சோதனை செய்கிறேன். கண்ணா இலை பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?


சோதனைக்குழாய்
செவ்வாய், இரவு 9.00

கண்ணா இலையை நக்கிப் பார்த்திருக்கிறாயா? உப்பு. உப்பை இலை வழியாக வெளியே தள்ளித்தான் அந்த மரம் வாவியோரத்தில் சீவிக்கிறது. நீ கழுவினாலும் உள்ளே இருக்கிற உப்பு சாற்றுக்கு வரும், எரித்த பிறகும் இருக்கும். எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரால் பளிங்கு அமைப்பைப் பார்க்கும் சோதனை) எடுத்தால் நாக ஒட்சைட்டின் உச்சிகளோடு சோடியம் குளோரைட்டு உச்சியும் வந்து நிற்கும். அதை விளக்கவே ஒரு அத்தியாயம் வேண்டும். தவிர, கண்டல் காட்டில் கை வைக்க அனுமதி எடுக்க வேண்டும், அது தனிச் சோலி. வீட்டுக் கொல்லையில் என்ன நிற்கிறது?


வாவிக்கரை
செவ்வாய், இரவு 9.10

கறிவேப்பிலை, மரமுந்திரிகை, வேலியில் கிளிசரியா. ஆனால் கறிவேப்பிலை பலர் செய்ததுதானே, புதுமை போய்விடுமே.


பழைய பீக்கர்
செவ்வாய், இரவு 9.50

இலையின் பெயரை மாற்றினால் புதுமை வராது தம்பி. இந்தத் துறையின் சாபமே அதுதான். ஆயிரம் இலை, ஆயிரம் கட்டுரை, எல்லாவற்றிலும் ஒரே வெள்ளைத் தூள். நீ பழைய இலையையே எடுத்து, மற்றவர்கள் விட்ட ஒப்பீட்டைச் செய். அதுதான் புதிது.

நான்கு கிண்ணம். ஒன்றில் நாக அசற்றேற்றும் வெறும் நீரும். இரண்டாவதில் அசற்றேற்றும் கறிவேப்பிலைச் சாறும். மூன்றாவதில் அசற்றேற்றும் சித்திரிக் அமிலமும், அதுவும் நாகத்தைப் பிடித்து வைக்கக்கூடிய சாமான், கடையில் வாங்கலாம். நான்காவதில் சாறு மட்டும். நான்கையும் ஒரே நாளில், ஒரே உலையில், ஒரே சூட்டில்.

நிறுக்க மறக்காதே. நாக அசற்றேற்று இருநீரேற்றின் மூலர்த்திணிவு 219.5, நாக ஒட்சைட்டுக்கு 81.4. அதாவது 2.20 கிராம் எடுத்தால் முழுதும் மாறினாலும் 0.816 கிராமுக்கு மேல் வர முடியாது. மேலே வந்தால் ஒன்றில் முழுதாக எரியவில்லை, அல்லது இலைச் சாம்பல் சேர்ந்திருக்கிறது. இலையில் பொற்றாசியம், கல்சியம் எல்லாம் இருக்கும், அவை எரிந்து ஆவியாகப் போகாது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் தராசே உனக்கு இதைச் சொல்லிவிடும். ஆனால் விளைவு நிறை எழுதிய கட்டுரைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இலை மாதிரி ஒன்றை அழுத்தி உலர்த்தி வை. பேராதனை தேசிய மூலிகையகத்தில் அடையாளம் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். கறிவேப்பிலைக்கு எதற்கு என்று கேட்காதே. பரீட்சகர் கேட்பார்.


நெல்மணி
புதன், காலை 6.25

அக்கரைப்பற்றுப் பக்கம் வயல் செய்கிறவன். படிப்பு ஏ.எல்.லோடு நின்றுவிட்டது, ஆனால் இழையை முதலிலிருந்து வாசித்தேன். நனோ நாகம் தெளித்தால் நெல் நன்றாக வரும் என்று கைபேசியில் ஒரு காணொளி வந்தது. தம்பி செய்கிற தூளில் கொஞ்சம் தந்தால் ஒரு வரவையில் போட்டுப் பார்க்கலாமா?


சம்மாந்துறையான்
புதன், காலை 7.50

நானா, வேண்டாம். நெல்லுக்கு நாகக் குறைபாடு வருவது உண்மை. நீர் நின்ற, காரத்தன்மையான வயலில் நாகம் மண்ணிலேயே பூட்டிக் கிடக்கும். விதைத்து இரண்டு, மூன்று கிழமையில் இலையில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழும், பயிர் கட்டையாக நிற்கும். அதற்கு நாக சல்பேற்று இருக்கிறது, பழைய பெயர் வெள்ளைத்துத்தம். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் மண்ணைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தம்பியின் கிண்ணத்தில் வருவது ஒரு கிராம்கூட இல்லை. அதில் என்ன கலந்திருக்கிறது என்று அவருக்கே இன்னும் தெரியாது. இன்னொன்று, நாக ஒட்சைட்டு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு என்று போத்தலிலேயே போட்டிருக்கும். வயல் வடிச்சல் கடைசியில் எங்கே போகிறது? மீனும் இறாலும் இருக்கிற இடத்துக்குத்தானே.


நெல்மணி
புதன், இரவு 7.05

விளங்கிவிட்டது. அந்தக் காணொளியை எனக்கு அனுப்பிய மச்சானுக்கும் இதை அனுப்பிவிட்டேன்.


தறிச்சத்தம்
வியாழன், பகல் 11.15

நான் மருதமுனை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தறி. நூலுக்குச் சாயம் போடுகிற தண்ணீரை இந்தத் தூளைப் போட்டு வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும் என்று கம்பசில் படிக்கிற மகள் சொன்னாள். உண்மையா? உண்மையென்றால் அது எனக்கு வேண்டும்.


காவேரிக்கரை
வியாழன், மாலை 4.30

அக்கா, பாதி உண்மை. துத்தநாக ஆக்சைடு மீது புற ஊதாக் கதிர் பட்டால் எலக்ட்ரானும் துளையும் பிரியும். அவை நீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து சாய மூலக்கூறை உடைக்கும் வீரியமான துணுக்குகளை உண்டாக்கும். ஆனால் அதன் பட்டை இடைவெளி சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட். 375 நானோமீட்டருக்குக் குறைவான கதிர்தான் அதை எழுப்பும். வெயிலில் அந்தப் பங்கு சில சதவீதம்தான்.

கட்டுரைகளில் பார்க்கும் அழகான வரைபடம் பெரும்பாலும் மெத்திலின் நீலத்துக்கு. அது வண்ண மீன் கடையில் விற்கும் மருந்து, ஒரு லிட்டரில் சில மில்லிகிராம்தான் போடுவார்கள். வெயிலில் வைத்தால் தூள் இல்லாமலே கொஞ்சம் வெளிறிவிடும் குணம் அதற்கு. சாயத்தொட்டித் தண்ணீர் அப்படியா?


தறிச்சத்தம்
வியாழன், இரவு 8.40

எங்கே அப்படி? கையை விட்டால் கை தெரியாது. காஸ்டிக் சோடா போட்ட தண்ணீர், வழுவழு என்று இருக்கும்.


சோதனைக்குழாய்
வியாழன், இரவு 9.05

அப்படியென்றால் இரண்டு தடை அக்கா. கடும் நிறத் தண்ணீருக்குள் வெளிச்சமே இறங்காது, தூள் அடியில் இருட்டில் கிடக்கும். மற்றது, நாக ஒட்சைட்டு ஈரியல்புள்ளது, அமிலத்திலும் கரையும், வலுவான காரத்திலும் கரையும். காஸ்டிக் கூடினால் தூளே கரைந்து தண்ணீரோடு போகும். முதலில் காரத்தை நடுநிலையாக்கி, நன்றாக ஐதாக்கித்தான் பார்க்க வேண்டும். அதற்கே தனி வேலை இருக்கிறது. இப்போதைக்கு வாசலுக்கு வந்த தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன்.


வாவிக்கரை
ஆறு கிழமைக்குப் பிறகு, சனி, இரவு 10.15

மன்னிக்க வேண்டும், நீண்ட நாள் காணாமல் போய்விட்டேன். உலையின் கம்பி அறுந்து மூன்று கிழமை போனது. பிறகு மழை, கரண்ட் வெட்டு. இப்போது சொல்ல விசயம் இருக்கிறது.

முதலில் ஒரு பகிடி. உலையைத் திறந்ததும் நான்கு கிண்ணத்தில் மூன்றில் தூள் மஞ்சளாக இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது, வேலை எல்லாம் வீண் என்று நினைத்துப் படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். அவன் பதில் போடுவதற்குள் தூள் கண்முன்னாலேயே வெள்ளையாகிவிட்டது. நாக ஒட்சைட்டு சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை என்று பத்தாம் வகுப்பில் படித்ததை மறந்துபோயிருந்தேன்.

இனி நிறை. ஒவ்வொன்றிலும் 2.20 கிராம் அசற்றேற்று. வெறும் நீர்க் கிண்ணத்தில் 0.79 கிராம் வந்தது. கறிவேப்பிலைக் கிண்ணத்தில் 0.86. பழைய பீக்கர் சொன்ன எல்லையைத் தாண்டிவிட்டது! சாறு மட்டும் எரித்த கிண்ணத்தில் 0.07 கிராம் சாம்பல் இருந்தது. கணக்கு அப்படியே பொருந்துகிறது. தூளைக் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை கழுவி உலர்த்தினேன், 0.80க்கு இறங்கிவிட்டது. எக்ஸ்.ஆர்.டி.க்குக் கழுவிய தூளைத்தான் இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்று தூளுக்கும் உச்சிகள் ஒரே இடத்தில்: 31.7, 34.4, 36.2, பிறகு 47.5, 56.6. மூன்றும் உவேட்சைற்றுக் கட்டமைப்பு (அறுகோணப் பளிங்கு) நாக ஒட்சைட்டு. இலை போட்டதும் போடாததும் ஒரே பொருள்தான் சேர். இது அந்தப் பின்வரிசை சேருக்கு.

அகலம்தான் வேறு. 36.2 பாகை உச்சியின் அரை உயர அகலம் வெறும் நீரில் 0.21 பாகை, இலையில் 0.35, சித்திரிக் அமிலத்தில் 0.33. உச்சியின் அகலத்திலிருந்து பளிங்கின் பருமனைக் கணிக்கும் செறர் சமன்பாட்டில் போட்டேன், இலைத் தூளுக்கு 0.42 நனோமீற்றர் வந்தது. இவ்வளவு சின்னதா என்று சந்தோசப்பட்டு மேற்பார்வையாளருக்கு அனுப்பப் போனேன். யாராவது பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.


பழைய பீக்கர்
சனி, இரவு 10.40

அனுப்பிவிட்டாயா?! நிறுத்து.

நாக ஒட்சைட்டின் அலகுக் கலத்தின் உயரமே 0.52 நனோமீற்றர். உன் பளிங்கு ஒரு கலத்தைவிடச் சின்னது என்கிறாய். அகலத்தைப் பாகையிலேயே போட்டிருக்கிறாய், ஆரையனுக்கு மாற்ற வேண்டும்.


வாவிக்கரை
சனி, இரவு 11.05

ஐயோ. அனுப்பவில்லை, கடவுளே. மாற்றிப் போட்டேன். 0.35 பாகை என்றால் 0.0061 ஆரையன். அலைநீளம் 0.15406 நனோமீற்றர், மாறிலி 0.9, கோணத்தில் பாதி 18.1 பாகை, அதன் கோசைன் 0.95. இலைத் தூள் 24 நனோமீற்றர். சித்திரிக் 25. வெறும் நீர் 40.


பழைய பீக்கர்
சனி, இரவு 11.30

இப்போது ஒரு கதை இருக்கிறது. இலை பளிங்கைச் சின்னதாக்கியிருக்கிறது போல் தெரிகிறது. ஆனால் சித்திரிக் அமிலமும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்திருக்கிறது. ஆகவே கறிவேப்பிலைக்கென்று ஒரு தனி மாயம் இங்கே தெரியவில்லை, நாகத்தைப் பிடித்து வைக்கிற எதுவும் இதைச் செய்யலாம். இதை அப்படியே எழுது, வெட்கப்படாதே.

குறைகளும் எழுது. 24க்கும் 25க்கும் இடையில் வித்தியாசம் இருக்கிறது என்று ஒரே ஒரு தடவை செய்து சொல்ல முடியாது. குறைந்தது மூன்று தடவை செய். கருவியே சேர்க்கிற அகலத்தை நியம மாதிரி ஒன்றை வைத்துக் கழிக்க வேண்டும், உன் 0.21இல் அது கணிசமான பங்கு. வெறும் நீர்த் தூள் 40ஐவிடப் பெரிதாக இருக்கலாம். இன்னொன்று, இது பளிங்கின் பருமன், துகளின் பருமன் இல்லை. பத்துப் பளிங்கு ஒட்டி ஒரு துகளாகவும் இருக்கலாம். இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் இல்லாமல் '24 நனோமீற்றர் துகள்' என்று தலைப்பில் போடாதே.


காவேரிக்கரை
ஞாயிறு, காலை 8.20

அருமை தம்பி. அடுத்து பாக்டீரியா சோதனை வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். வட்டத்தட்டில் தெளிவு வளையம் வந்தால் அது துகளாலா, கரைந்து வந்த துத்தநாக அயனாலா என்று கேட்பார்கள். நாக அசற்றேற்று மட்டும் ஒரு தட்டு, சாறு மட்டும் ஒரு தட்டு, வெறும் கரைப்பான் ஒரு தட்டு என்று கட்டாயம் வை. (பார், நானும் நாகம் என்று எழுதிவிட்டேன்.)


சோதனைக்குழாய்
ஞாயிறு, காலை 9.10

தலைப்பில் பசுமை முறை என்று போடப் போகிறாயா? அனஸ்டாசும் வார்னரும் 1998இல் எழுதிய பசுமை இரசாயனவியலின் 12 கோட்பாடுகளில் ஆறாவது சக்திச் சிக்கனம். 400 பாகை உலை இரண்டு மணி நேரம் ஓடியது பசுமையா என்று நான் பரீட்சகராக இருந்தால் கேட்பேன்.


வாவிக்கரை
ஞாயிறு, பகல் 12.30

மிஸ், நீங்கள் பரீட்சகராக வராமல் இருக்கக் கடவது. மேற்பார்வையாளரோடு கதைத்துவிட்டேன். புதிய தலைப்பு: 'நாக ஒட்சைட்டின் பளிங்குப் பருமனில் கறிவேப்பிலைச் சாற்றின் விளைவு: சித்திரிக் அமிலத்துடன் ஓர் ஒப்பீடு.' பசுமை என்ற சொல் முன்னுரையில் ஒரே இடத்தில், அதுவும் கேள்விக்குறியோடு.

பின்வரிசை சேரைப் படியில் கண்டேன். நிறை அட்டவணையைக் காட்டினேன். 0.86ஐயும் 0.07ஐயும் விரலால் தொட்டுப் பார்த்தார். "கழுவிய தண்ணீரின் பி.எச். பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் பார்க்கவில்லை.


சம்மாந்துறையான்
ஞாயிறு, பகல் 1.00

பொற்றாசியம் காபனேற்று. சாம்பல் தண்ணீர் காரமாகத்தான் இருக்கும். நாளைக்கே பார், அந்தத் தண்ணீரை ஊற்றிவிடவில்லைத்தானே?


வாவிக்கரை
ஞாயிறு, பகல் 1.05

ஊற்றிவிட்டேன். பரவாயில்லை, எப்படியும் இன்னும் இரண்டு தடவை செய்யத்தான் வேண்டும்.


தறிச்சத்தம்
ஞாயிறு, இரவு 7.45

தம்பி, தீர்வு இல்லை என்று மிஸ் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் மிச்சத் தூள் இருந்தால் எங்கள் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுப் பார்ப்பாயா? ஐதாக்கி, காரத்தை நடுநிலையாக்கி, நீங்கள் சொல்கிற மாதிரி எல்லாம் செய்து. ஒரு கானில் கொண்டுவந்து தருகிறேன், கல்முனை பஸ்ஸில் வருவேன்.


வாவிக்கரை
ஞாயிறு, இரவு 8.10

கொண்டு வாங்க அக்கா. கறுப்புக் கானில், மூடி இறுக்கி. தூள் போட்டது ஒன்று, போடாதது ஒன்று, தூள் போட்டு இருட்டில் வைத்தது ஒன்று என்று மூன்றாகப் பிரித்து வைப்பேன், ஆகவே குறைந்தது மூன்று லீற்றர் வேண்டும். வருகிற வழியில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்க.